மூட்டை அசையவில்லை

மகனே,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. மலைக்கு ஏறும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வழியில் அவர் பிரித்துப் படித்தாலும் சரி, வெள்ளிமலையில் உன்னோடு வேலை பார்க்கும் வாத்தியார்கள் படித்தாலும் சரி. ஏன் இப்படி என்று கடைசியில் சொல்கிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை பார்த்தேன். உனக்கு அங்கே டவர் கிடைக்கும்போது எனக்கு வாய் வருவதில்லை, எனக்கு வாய் வரும்போது உனக்கு டவர் கிடைப்பதில்லை. எழுதவும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன். இன்னும் இரண்டு வரி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன். உன் அம்மா பார்த்துக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் போகிறாள். நான் என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

போன வாரம் நீ சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இப்படி ஆட்டிவைக்கிறது. நம் ஏழுமலை மாமா, அதுதான் உனக்கு வைகாசி லீவில் தன் வண்டியைக் கொடுத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், 'ஞாயித்துக்கிழமை பையன் வந்தா வண்டிய எடுத்துக்கச் சொல்லு, கை வுட்டுப்போவப் போவுது' என்றார். அதை உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தபடி, "நம்ம வண்டிதான் தை மாசம் வரப்போவுதேப்பா. அதுக்குள்ள அடுத்தவங்க வண்டிய இன்னாத்துக்குத் தொடணும்?" என்றாய். நான் சரி என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. இதே வார்த்தையை, இதே ஏழுமலையிடம், இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னேன்.

நீ வைகாசியில் பழகினாய், ஆவணியில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினாய். இப்போது ஐப்பசி முடியப்போகிறது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நீ ஹேண்டில்பாரைப் பிடிக்கவில்லை. தை மாதம் கல்யாணம். நைனார்பாளையத்தில் பெண் வீட்டார் புது வண்டிக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். நீ அதெல்லாம் வேண்டாம் என்று சொன்னாய், நான்தான் சம்பந்தியின் எதிரில் உட்கார்ந்து மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதையும் என் தப்புக் கணக்கில் எழுதிக்கொள். ஆனால் இப்போது நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் மாலை போட்ட வண்டியைத் தெருவில் நிறுத்துவார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள், பொண்ண ஏத்திகினு ஒரு சுத்து சுத்திட்டு வாடா என்று நாலு பேர் சொல்வார்கள். எட்டு மாதம் முன்பு பத்து நாள் பழகிய கையோடு நீ ஏறி உட்காருவாய். பின்னால் ஒரு பெண், பட்டுப் புடவை, கழுத்து நிறைய மாலை.

நான் பழகியது நம் ஊர் ஏரியில். அந்த வருஷம் கோடையில் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஏழுமலை அப்போதே பம்பு செட்டு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் வேலை செய்துகொண்டிருந்தான், இந்த வட்டாரத்தில் பழைய வண்டி ஒன்று வைத்திருந்தவன் அவன்தான். பத்து நாளில் நான் பிடித்துக்கொண்டேன். ஏரிக்குள்ளே மூன்றாவது கியர் வரைக்கும் போட்டு ஓட்டினேன், எனக்கு அப்போது இருந்த திமிருக்கு நாலாவதும் போட்டிருப்பேன், கரை வந்துவிட்டது. அடுத்த மாதமே உன் அம்மாவைப் பேசி முடித்தார்கள், சீரில் வண்டி என்றும் முடிவாயிற்று. பிறகு என் அப்பா தவறிப்போனார். வருஷம் திரும்பட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளி வைத்தோம். அந்த ஒரு வருஷமும் ஏழுமலை வாராவாரம் வந்து, வாடா, ஏரிக்குப் போய் ரெண்டு சுத்து சுத்தலாம் என்று கூப்பிடுவான். எனக்கு கெத்து. சொந்த வண்டி வரப்போகிற மாப்பிள்ளை, ஓட்டை வண்டியில் போய்க் குந்துவதா என்று. சைக்கிளும் நீச்சலும் மறக்குமாடா என்று அவனுக்கே பாடம் எடுத்தேன்.

மறக்காது என்று சொல்வதில் பாதி உண்மை. சாயாமல் உட்காருவது மறக்காது, அதை முதுகு வைத்துக்கொள்ளும். ஆனால் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, பிரேக்கை எவ்வளவு அமுக்கினால் எவ்வளவு நிற்கும் என்கிற அளவு இருக்கிறதே, அது விரலில் இருக்கிறது. அம்மா உப்புப் போடுவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அவள் எதை அளந்தாள்? ஆறு மாதம் அவளை அடுப்புப் பக்கம் விடாமல் வைத்துப் பார், அவளுக்கும் தப்பும். புதிதாகப் பழகியவனுக்கு ஒரு மாதமே போதும். அதைவிட மோசம், அளவு போய்விட்டது என்பது நமக்கே தெரியாது. தைரியம் மட்டும் அப்படியே இருக்கும்.

கல்யாணத்துக்கு மறுநாள் நம் தெருவில்தான் நடந்தது. என் அக்கா, களமருதூர் அத்தை, ஆலாத்தி எடுத்து முடித்ததும் அவள்தான் சொன்னாள்: "பொண்ண ஏத்திகினு ஏரிக்கரை வரைக்கும் போய்ட்டு வாடா தம்பி." உன் அம்மா ஒரு பக்கமாகக் குந்தினாள். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது தெருமுனையில், இப்போது ரேஷன் கடை இருக்கிற இடத்தில், ரோடு போட ஜல்லி கொட்டிப் பரப்பியிருந்தார்கள். இடது பக்கம் திருப்பினேன். எதிரில் அத்தனை பேரும் நின்று பார்க்கிறார்கள். மெதுவாகத்தான் வந்தேன், நடக்கிற வேகம்தான். ஆனால் ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, ஜல்லிமேல், வலது கை பிரேக்கை முழுசாக இழுத்து அமுக்கிவிட்டேன். முன் சக்கரம் சறுக்கியது. இடது பக்கமாக விழுந்தோம். எனக்கு முட்டியில் தோல் போனது. உன் அம்மா இடது கையை ஊன்றினாள். மணிக்கட்டு உடைந்தது. அவசரத்தில் போட்ட கட்டு, எலும்பு கோணலாகவே சேர்ந்துவிட்டது. குடத்தை அவள் ஏன் எப்போதும் வலது இடுப்பிலேயே வைக்கிறாள் என்று சின்ன வயசில் நீ கேட்பாயே, அதுதான் காரணம்.

அக்கா ஓடி வந்தாள். "இன்னாடா ஆச்சு?" என்றாள். தெருவே சுற்றி நின்றது. நான் வாயைத் திறந்து சொன்னது இரண்டே வார்த்தை: "அது அசஞ்சிடுச்சு." அது என்று உன் அம்மாவைச் சொன்னேன். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜல்லிமேல் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வந்து ஒரு நாள்கூட ஆகாத வீட்டில் அவள் என்ன பேசுவாள்? அக்கா சொன்னாள், "காலடி எடுத்து வச்ச அன்னிக்கேவா." அவ்வளவுதான். ஒரு மாதத்தில் ராசியில்லாத வண்டி என்று அதை விற்றாயிற்று. வண்டி போய்விட்டது, ராசியில்லை என்ற பேர் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இத்தனை வருஷம் நம் வீட்டில் வண்டி இல்லாததும், நீ இருபத்தாறு வயசில் போய் வண்டி பழகியதும் இதனால்தான். வசதி இல்லை என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். பக்கத்து வீட்டில் டிராக்டர் எடுத்து வந்தபோது எல்லோரும் வெளியே நின்றோம், உன் அம்மா உள்ளே போய் அரிசி புடைத்தாள். நீ முதல் முதலாக மலைக்கு வேலைக்குப் போன அன்று பஸ் ஸ்டாண்டுக்கு அவள் வரவில்லை, தலைவலி என்றாள். தலைவலியும் இல்லை, ஒன்றும் இல்லை. பஸ் கிளம்பும்போது தான் எதிரில் நிற்கக் கூடாது என்று நினைத்தாள். இப்போது உன் கல்யாண வேலையில் புடவை எடுப்பது வரைக்கும் எல்லாம் சந்தோஷமாகச் செய்துகொண்டிருந்தவள், சீர் வண்டிப் பேச்சு வந்ததும் சொன்னாள்: "வண்டிக்கு ஆலாத்தி நான் எடுக்கல. அவன் ஓட்டிகினு வரும்போது நான் பின்கட்டுல இருக்கேன். அத்தைய எடுக்கச் சொல்லுங்க." பெற்ற மகன் ஓட்டி வருவதைப் பார்க்காமல் பின்கட்டில் நிற்பாளாம். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

விழுந்த பதற்றத்தில் ஏதோ உளறிவிட்டேன், எனக்கே எது உண்மை என்று தெரியாது, என்று நீ என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். வேண்டாம். அதற்கும் வழி இல்லை. அடுத்த கோடையில், ஏரி மறுபடி காய்ந்ததும், நானே ஏழுமலையிடம் போய் வண்டி கேட்டேன். மனசு அரித்துக்கொண்டே இருந்தது, ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பின் சீட்டில் ஒரு மூட்டை நெல்லை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். ஏரிக்குள் சரளைக்கல் கிடக்கும் மூலையாகப் பார்த்து அதே வேகத்தில் போனேன். ஹேண்டிலை இடது பக்கம் திருப்பி, அதே மாதிரி முன் பிரேக்கைப் பிடித்தேன். அதே மாதிரி விழுந்தேன். கட்டிய மூட்டை கட்டியபடியே கிடந்தது. கரையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த ஏழுமலை எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டான்: "இன்னாடா, மூட்ட அசஞ்சிடுச்சா?"

அவன் அதற்கப்புறம் இன்று வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தும் இருபத்தேழு வருஷம் அவள் சமைத்த சோற்றைத் தின்றேன். இதைவிட வெட்கமான வரியை நான் எழுதியதில்லை. எழுந்து வாய்க்கால் வரைக்கும் நடந்துவிட்டு வந்துதான் மேலே எழுதுகிறேன்.

அந்தக் கோடை முழுக்க நான் ஏழுமலை வண்டியில் பழகினேன். தொழில் தெரியாமல் ஒருத்தி கையை உடைத்தவன், இனி சரியாகவாவது தெரிந்துகொள்ளலாம் என்ற வெறி. அதில் தெரிந்ததைச் சொல்கிறேன், கேள். வண்டி உன்னுடையதாக இருக்க வேண்டியதில்லை, வாரத்தில் ஒரு தடவை கை படவேண்டும், அவ்வளவுதான். அரை மணி போதும். வேகமாக ஓட்டிப் பழகாதே, வேகமாக எந்த மடையனும் ஓட்டுவான். நம் ஊர் உலர்களம் இந்த மழையில் காலியாகத்தான் கிடக்கிறது. அதில் தேங்காய் மட்டையை வரிசையாகப் போட்டு, ஆள் நடக்கிற வேகத்தில், காலை ஊன்றாமல் வளைந்து வளைந்து போ. கிளட்சைப் பாதி விட்டு, பாதி பிடித்து. அப்போதுதான் விரலுக்குப் புத்தி வரும். பிறகு கோலமாவில் ஒரு கோடு போட்டுக்கொண்டு அந்தக் கோட்டில் நிறுத்திப் பார். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக. ஹேண்டில் நேராக இருக்கும்போதுதான் முன் பிரேக். வளைவில் திரும்பும் முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடு, வளைவுக்குள் போய்க் குறைக்காதே. இந்த ஒரு வரிக்காகத்தான் உன் அம்மாவின் மணிக்கட்டு கோணலாக இருக்கிறது.

யாராவது வண்டி கொடுத்தால் உடனே உதைத்துக் கிளம்பாதே. ஒவ்வொரு வண்டிக்கும் பிரேக் பிடிக்கிற இடம் வேறு. நகர்ந்த பத்தடிக்குள் இரண்டு பிரேக்கையும் தொட்டுப் பார்த்துவிடு. திருப்பிக் கொடுக்கும்போது துடைத்து, பெட்ரோல் ஊற்றிக் கொடு, அப்போதுதான் அடுத்த வாரமும் கொடுப்பார்கள். வண்டி கிடைக்காத வாரத்தில் பஸ்ஸில் போய்வரும்போது தூங்காதே. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் இடத்தில் டிரைவருக்குப் பின் சீட்டாகப் பார்த்து உட்கார். எந்த வளைவுக்கு எவ்வளவு முன்னால் அவர் கியரைக் குறைக்கிறார், இறக்கத்தில் கியரிலேயே வண்டியை எப்படிப் பிடித்து வைக்கிறார், அவர் கண் எங்கே இருக்கிறது என்று பார். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். பள்ளத்தைப் பார்த்தாயானால் பள்ளத்துக்குப் போவாய். உட்கார்ந்த இடத்திலேயே இடது கையால் நீயும் கிளட்சைப் பிடி, யாரும் கவனிக்க மாட்டார்கள். கவனித்தாலும் கல்யாண மாப்பிள்ளை, கனவு காண்கிறான் என்று விட்டுவிடுவார்கள். நான் இந்த வயசிலும் மண்வெட்டிப் பிடியில் அதைச் செய்கிறேன், ஏழுமலை பார்த்துவிட்டுச் சிரிக்கிறான்.

தனியாக ஓட்டுவது வேறு, ஆள் ஏற்றி ஓட்டுவது வேறு என்பதையும் தெரிந்துகொள். பின்னால் கனம் ஏறியதும் முன் சக்கரம் லேசாகிவிடும், பிரேக் பிடிக்கிற தூரம் நீளும், மெதுவாகத் திருப்பும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதைப் புதுப் பெண்ணை வைத்துப் பழகக் கூடாது. முதலில் மூட்டை வைத்துப் பழகு. எனக்கு நடந்த மாதிரி விழுந்து பழகு என்று சொல்லவில்லை, நிதானமாகப் பழகு. உலர்களத்தில் பத்து சுற்று மூட்டையோடு, பிறகு என்னை ஏற்றிக்கொள். நான் அசைவேன். வேண்டுமென்றே அசைவேன். அசைந்தால் வண்டி விழாது என்பது உன் உடம்புக்குத் தெரிய வேண்டும்.

இனி அம்மாவிடம் சொன்னதைச் சொல்கிறேன். உன் போனுக்கு மறுநாள் காலை அவள் வாசலில் மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஜல்லி, பிரேக், ஏரி, மூட்டை, எல்லாம். அவள் கிள்ளுவதை நிறுத்தவில்லை. "அப்ப நான் அசையலையா?" என்றாள்.

"இல்ல. நீ அசையல."

"நான் அசைஞ்சேன்," என்றாள். "மாலை சரிஞ்சிது. தூக்கி வுடலாம்னு கைய எடுத்தேன். அதுலதான் வுழுந்தோம்னு இத்தினி வருசமா நெனச்சிகினு இருந்தேன். உங்க முட்டில ரத்தம் வந்ததுக்குக்கூட நான்தான் காரணம்னு நெனச்சிகினு இருந்தேன்."

மகனே, பேரைத்தான் நான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். இது எனக்குத் தெரியாது. என் பொய்யை அவள் ஊருக்கு முன்னால் சுமந்தது மட்டும் இல்லை, உள்ளேயும் உண்மை என்று நம்பியே சுமந்திருக்கிறாள். ஒரு மாலையைச் சரிசெய்ததற்காக. அவள் அழவில்லை. மிளகாய் முழுக்கக் கிள்ளி முடித்து, முறத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு நின்றாள். "எங்கிட்ட சொல்லிட்டா தீந்துச்சா? அன்னிக்கி நீங்க சொன்னத தெருவே கேட்டுது. தெரு கேக்கற மாதிரி சொல்லுங்க. எழுதி வச்சிக்குங்க, இல்லன்னா அக்கா எதிர்ல உங்களுக்கு வாய் வராது" என்றாள்.

கவரை ஒட்டாததற்குக் காரணம் இதுதான். இதே கடிதத்தை இன்னொரு தாளிலும் எழுதி வைத்திருக்கிறேன். பந்தக்கால் நடும் அன்று களமருதூர் அத்தை வருவாள், தெருவும் வந்து நிற்கும். அன்றைக்கு நான் இதைப் படிப்பேன். எனக்குப் பதிலாக நீ படிக்கிறேன் என்று வந்து நிற்காதே. நாக்கு உலர்ந்துபோகும் என்று இப்போதே தெரிகிறது, அக்கா முகத்தைப் பார்க்காமல் படித்து முடிக்க முடியுமா என்றும் தெரியவில்லை. ஆனாலும் படிப்பேன். அதன் பிறகு வண்டிக்கு யார் ஆலாத்தி எடுப்பது என்பதை உன் அம்மா முடிவு செய்யட்டும்.

நேற்று ஏழுமலையிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி சொல்லிவிட்டேன். இந்தத் தடவை நீ கெத்து காட்டாமல் முதல் பஸ்ஸில் இறங்கி வா. ஹெல்மெட்டை மறக்காதே. உலர்களத்தைப் பெருக்கி வைத்துவிட்டேன், தேங்காய் மட்டை சேர்த்து வைத்திருக்கிறேன். நெல் மூட்டையைக் கட்டக் கயிறு எடுத்தபோது உன் அம்மா கேட்டாள், எதற்கு என்று. பின்னால் ஆள் ஏற்றிப் பழக, என்றேன். கயிற்றை என் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"மூட்டைய ஏத்திகினு போனா அவனுக்கு இன்னா தெரியும்? நான் குந்தறேன்" என்றாள்.

இருபத்தெட்டு வருஷமாக எந்த வண்டியிலும் ஏறாதவள். ஞாயிற்றுக்கிழமை உன் பின்னால் ஒரு பக்கமாக உட்காருவாள், அந்தக் கோணல் கையால் உன் தோளைப் பிடித்துக்கொள்வாள். தலையில் பூ வைத்துக்கொண்டுதான் வருவாள் என்று நினைக்கிறேன். போகும்போது பூ சரியும், சரிசெய்யக் கையை எடுப்பாள். நீ பயப்படாதே, நேராகப் பார்த்து ஓட்டு. அவள் அசையட்டும்.

உன் அப்பா